பால் சீட்டின் பின்பக்கம்

பெட்டமுகிலாளத்தில் ஐந்தே முக்காலுக்கு
வண்டியை அணைத்தால்
எஞ்சின் சூடு ஆறுகிற டிக் டிக்.
அதுதான் முதல் குரல்.
அதைக் குறிப்பதில்லை.

கேன்கள் வர இருபது நிமிடம்.
பால் சீட்டைத் திருப்பிப்போட்டு எழுதுகிறேன்:
குண்டுக்கரிச்சான், பலாமரம்,
ஏழு தடவை, ஏழும் வேறு வேறு.
இராயக்கோட்டையில் டிரான்ஸ்பார்மர் மேல் பாடுகிறவன்
ஒவ்வொரு அடியையும் மேலே தூக்கி முடிப்பான்,
விலை கேட்கிறவன் மாதிரி.
இங்கிருப்பவன் கீழே வைத்துவிடுவான்,
விலை சொல்லிவிட்டவன் மாதிரி.

குக்குறுவானோடு எனக்கு ஒத்துவராது.
நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியிருக்கிறேன்,
அப்போது பார்த்து ஒரு மாடு கத்தியது.

சிவரத்னா சங்கத்துக் கணக்கு.
லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு
அது நிற்கும்வரை மூச்சைப் பிடித்திருப்பவள்.
அவளும் கேட்கிறாள் என்பது
தை மாதம்தான் தெரிந்தது.
"அந்தப் பள்ளத்துப் பறவைக்கு மூணு" என்றாள்.
"அஞ்சு" என்றேன்.
"மூணு."

அரிவாள் மூக்குச் சிலம்பன்.
கண்ணால் பார்த்தது இரண்டே முறை:
உண்ணிப் புதருக்குள் வெள்ளைப் புருவம் ஒன்று,
மஞ்சளாய் ஒரு வளைவு,
பிறகு வெறும் புதர்.
மற்றபடி எனக்கு அது காதால் பிடித்த பறவை.
ஊப் பு பு
க்ரோ க்ரீ
ஐந்தும் ஒரே மூச்சில்.
நடுவில் நூல் நுழைய இடமில்லை.

அவள் எடை போடுவது தகரக் கூரைக்கு அந்தப் பக்கம்.
நான் வண்டிக்குள், கண்ணாடியை இறக்கிவிட்டு.
நூறடிகூட இருக்காது.
அவள் ஒந்து, எரடு என்று எண்ணுகிறாள்,
நான் ஒன்று, இரண்டு என்று.
அதனால் இருக்குமோ என்றுகூட
அஞ்செட்டி ரோட்டில் ஒரு நாள் யோசித்தேன்.

மாசி முழுக்கச் சண்டை.
கொழுப்பு 4.1, இதர சத்து 8.3 என்று எழுதுகிற கை
என் சீட்டில் ஐந்தை அடித்து மூன்று போட்டது.
நான் பென்சிலை விட்டுப் பேனாவுக்கு மாறினேன்.

பங்குனியில் ஒரு நாள்
மேல்காட்டு வழியில் யானை நிற்கிறது என்று
கேன்கள் வரவில்லை.
எடை போட ஒன்றுமில்லை. ஏற்றவும் ஒன்றுமில்லை.
இருவரும் பள்ளத்து விளிம்புவரை நடந்தோம்,
நின்றோம், இருமலை அடக்கிக்கொண்டு.

ஊப் பு பு. இடப்பக்கம், மூங்கிலடியில்.
க்ரோ க்ரீ. எதிர்ச்சரிவில், பாறைக்கும் கீழே.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
நானும்.

மறுபடி ஊப் பு பு.
எதிர்ச்சரிவில் ஒன்றுமில்லை.
ஊப் பு பு.
ஒன்றுமில்லை.
ஊப் பு பு.
என் வாய் தானாகவே அந்த இரண்டுக்காகக்
குவிந்திருந்ததை
அவள் கவனித்திருக்கக் கூடாது.
நாலாவதற்குத்தான் வந்தது,
இன்னும் தள்ளி, இன்னும் மெல்ல,
கையில் வேலையிருப்பவள் குரல் கொடுப்பதுபோல.

"உங்களுக்குக் கூட்டல் தப்பு" என்றாள் திரும்பும்போது.
"எனக்குத் தகரம் தப்பு."
அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.
ஏழரைக்குக் கேன்கள் வந்தன.
ஒன்றில் பால் திரிந்திருந்தது.

தேன்கனிக்கோட்டைக் குளிர்நிலையத்து வரிசையில்
பழைய சீட்டுகளை மடியில் பரப்பினேன்.
'ஒரு பறவை' என்று எழுதிய இடங்களில் எல்லாம்
கேள்விக்குறி போட்டுக்கொண்டு வந்தேன்.
பலாமரம். ஏழு தடவை. ஏழும் வேறு வேறு.
அங்கே பேனா நின்றது.

பின்னால் டேங்கர்காரன் ஹாரன் அடித்தான்.
ஒரே நீட்டல், ஏற்றமில்லை இறக்கமில்லை.
அது ஒரே ஆள்தான்.
அதை எழுதிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.